பகலில் சாத்திய கதவு

பாறைக்காட்டுத் தோட்டத்து மேல்கணக்குப் பிரிவில் இருந்த கெபிச் சொரூபத்தை அறுபது வருஷமாக மாதா என்றே கும்பிட்டு வந்தார்கள். நமுனுகுல மலைக்கு முதுகைக் காட்டி நிற்கும் ஒரு பெரிய பாறை. அதன் அடியில் ஆள் குனிந்து நுழையும் அளவுக்கு ஒரு குடைவு, அதுதான் கெபி. குடைவுக்குள் முழங்கை உயரத்தில் ஒரு பெண் சொரூபம், எந்தக் காலத்திலோ ஓர் இத்தாலிக்காரச் சாமியார் கொண்டுவந்து வைத்தது. தலையில் ரோசாப்பூ வளையம், ஒரு கையில் சிலுவை, மறு கையில் உருண்டையாக ஏதோ ஒன்று. அந்த உருண்டை தேங்காய் என்பதில் தோட்டத்தில் யாருக்கும் சந்தேகமே இருந்ததில்லை. யாரோ காணிக்கை கொடுத்த தேங்காயை மாதா கையில் வாங்கி வைத்திருக்கிறாள், அவ்வளவுதான். அதைப் பார்த்துத்தான் பிள்ளை வரம் கேட்டவர்களும், லயத்துக் கூரை ஒழுகாமல் இருக்க வேண்டியவர்களும் அங்கே தேங்காய் கொண்டுபோய் வைத்தார்கள். கேட்டது கிடைத்தவர்களும் உண்டு, கிடைக்காதவர்களும் உண்டு.

தோட்டங்களைக் கம்பெனிக்காரர்கள் எடுத்துக்கொண்ட வருஷம் அது, தொண்ணூற்றிரண்டு. பதுளையிலிருந்து மாதம் ஒரு தரம் பூசைக்கு வரும் சாமியார் மாறி, அருள்நேசன் என்று ஒரு யாழ்ப்பாணத்துக்காரர் புதிதாக வந்திருந்தார். மனுஷன் சும்மா இருந்திருக்கலாம். கெபியைப் பார்க்க வேண்டும் என்று மூச்சு வாங்க மலையேறி வந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு சொரூபத்தைக் கிட்டப் பார்த்தார்.

"இவ மாதா இல்லை. இவ றொசாலியா. கையிலை இருக்கிறது தேங்காயும் இல்லைப் பாருங்கோ, மண்டையோடு."

கூட வந்தவர்களுக்கு முகம் விழுந்துவிட்டது. அறுபது வருஷத்துத் தேங்காய்க்கு யார் பதில் சொல்வது? அன்றைக்குப் பூசைப் பிரசங்கத்தில் சாமியார் அந்தக் கதையையே சொன்னார். எண்ணூறு வருஷத்துக்கு முன்னால் சிசிலி என்ற தீவில் பெரிய வீட்டில் பிறந்தவள். வசதிக்குக் குறைவில்லை. கல்யாணம் பேசினார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு மலையில் ஒரு குகைக்குப் போய்த் தன்னந்தனியே இருந்தாள். அங்கேயே செத்தும் போனாள். நானூறு, ஐந்நூறு வருஷம் கழித்து அந்த ஊரில் கொள்ளைநோய் வந்தபோது அவள் எலும்பைக் கண்டெடுத்து ஊர்வலம் கொண்டுபோனார்கள். நோய் நின்றது என்று அந்த ஊர் சனம் இன்றைக்கும் நம்புகிறது.

பெண்கள் உச்சுக் கொட்டினார்கள். அரண்மனை மாதிரி வீட்டை விட்டுவிட்டுக் குகையிலா, பாவம், என்றார்கள். பூசை முடிந்து எல்லோரும் கலையும்போது, கொழுந்தெடுக்கும் ஞானப்பூ மட்டும் சாமியாரிடம் போய் நின்றாள். முப்பத்தொன்பது வயது, கல்யாணம் ஆகாதவள், சபையில் வாய் திறந்து யாரும் பார்த்ததில்லை.

"சாமி, அந்தக் குகை முழுக்க அவங்களுக்கு மட்டுமா?"

"ஓம். தனியத்தான் இருந்தவ."

"பக்கத்துல யாருமே இல்லியா?"

"ஒருத்தருமில்லை."

ஞானப்பூ தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டாள். எல்லோரும் அந்தப் பெண்ணுக்காகப் பரிதாபப்பட்டார்கள். ஞானப்பூவுக்குப் பொறாமையாக இருந்தது, அதுதான் உண்மை.

பொறாமைப்படாமல் என்ன செய்வாள்? அண்ணன் சந்தியாகு, அண்ணி பாக்கியலெட்சுமி, அவர்களுடைய நாலு பிள்ளைகள், படுக்கையில் கிடந்த அப்பன், அவள். எட்டுப் பேருக்கு ஒரே அறை, அதுதான் காம்பரா, முன்னால் இஸ்தோப்பு என்று ஒரு சின்னத் திண்ணை. அந்த லயத்தில் வரிசையாகப் பன்னிரண்டு காம்பரா. நடுச்சுவர்கள் கூரைவரை போகாது. முதல் காம்பராவில் ஒருவன் தும்மினால் கடைசிக் காம்பராவில் நூறாயிசு சொல்வார்கள். ஞானப்பூ பிறந்ததிலிருந்து ஒரு நாள்கூடத் தனியாகத் தூங்கினதில்லை, தனியாகச் சாப்பிட்டதில்லை, தனியாக அழுததில்லை. அழுதால் பக்கத்துக் காம்பராக்காரி சுவருக்கு மேலாலேயே என்ன ஏது என்று கேட்பாள். அன்பாகத்தான் கேட்பாள், அதைக் குறை சொல்ல முடியாது.

இதில் கதவு விஷயம் ஒன்று இருக்கிறது. லயத்தில் பகல் நேரத்தில் ஆள் உள்ளே இருக்கக் கதவைச் சாத்தும் வழக்கம் கிடையாது. வேலைக்குப் போனால் வெளியே பூட்டுத் தொங்கும். வீட்டில் ஆள் இருந்தால் கதவு திறந்திருக்கும். பூட்டும் இல்லாமல், திறக்காமலும் ஒரு கதவு பகலில் சாத்திக் கிடந்தால், உள்ளே பிள்ளை பிறக்கிறது, இல்லை உயிர் போகிறது, இல்லை யாரோ மருந்து குடித்துவிட்டார்கள் என்று அர்த்தம். லயமே திரண்டு வந்து தட்டும். ஞானப்பூ ஒரு தடவை தலைவலி என்று சாத்திப் படுத்து, பதினைந்து பேர் வந்து எழுப்பியிருக்கிறார்கள்.

கெபிக்குப் பக்கத்தில் ஒரு பழைய மடுவம் கிடந்தது. கொழுந்து நிறுக்கிற கொட்டகை. அந்தப் பக்கத்துத் தேயிலை செத்து மானாப்புல் ஏறிவிட்டபடியால் நிறுக்கக் கொழுந்து இல்லை, மடுவமும் சும்மா நின்றது. நாலு சுவர், தகரக் கூரை, உயரத்தில் கம்பி வலை அடித்த இரண்டு ஜன்னல், ஒரு பலகைக் கதவு. பின்னால் பாறையிலிருந்து ஊற்றுத்தண்ணீர். அடுத்த பெரட்டில், காலையில் எல்லோரையும் பேர் சொல்லி வேலை பிரிக்கிற இடத்தில், ஞானப்பூ முன்னால் வந்து, தோட்டத்தை நடத்தக் கம்பெனி அனுப்பிய புதுத் தொரையிடம் அதைக் கேட்டாள்.

"எதுக்கு?" என்றார் தொரை.

"இருக்கிறதுக்குங்க."

"யாரோட?"

"யாரோடயும் இல்லீங்க."

கணக்கப்பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். தொரை சின்ன வயசுக்காரர். தேயிலை வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியும் மண்வெட்டியும் அங்கே கிடக்கின்றன, காவலுக்கு ஆள் இருந்தால் நல்லதுதானே என்று நினைத்துச் சரி என்று விட்டார்.

பிறகு பேச்சுக் கிளம்பியது. பேய் பிடித்திருக்கிறது என்றார்கள். ஆள் வைத்திருக்கிறாள் என்றார்கள். யார் அந்த ஆள் என்று பார்க்க முதல் மாதம் நாலைந்து பேர் மலையேறி மூச்சு வாங்கியதுதான் மிச்சம். அண்ணன் சந்தியாகு குடும்ப மானம் போயிற்று என்று ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். பாக்கியலெட்சுமி மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. அப்புத்தளைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வாக்கப்பட்டு வந்தவள் அவள். கல்யாணத்துக்காக ஞானஸ்நானம் வாங்கியவள், ஞாயிற்றுக்கிழமை பூசைக்கும் வருவாள், செவ்வாய்க்கிழமை மாரியம்மனுக்கு விளக்கும் போடுவாள். ஞானப்பூ போன அன்று சாயங்காலம் காம்பராவில் பாய் விரிக்கும்போது ஒரு பாய் மிச்சமாயிற்று. அதைச் சுருட்டி மூலையில் வைத்துவிட்டு, காலை நீட்டிப் படுத்தாள். கல்யாணம் ஆகி வந்த நாளிலிருந்து காலை நீட்டியது அதுதான் முதல் தடவை. அந்த நன்றி அவளுக்குக் கடைசிவரை இருந்தது.

ஞானப்பூ பகலில் மற்றவர்கள் மாதிரியே கூடையைக் கட்டிக்கொண்டு மலைக்குப் போனாள். நாலரைக்குக் கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு மேலே ஏறினாள். அங்கே என்ன செய்தாள் என்று கேட்டால் பெரிதாக ஒன்றுமில்லை. செபமாலை சொன்னாள். ரொட்டி சுட்டுச் சம்பலோடு தின்றாள். சுவரில் சாய்ந்து உட்கார்ந்து தகரத்தில் மழை விழுவதைக் கேட்டாள். காட்சி எதுவும் கண்டதாக அவள் ஒருக்காலும் சொன்னதில்லை, கனவுகூட அவளுக்கு ரொம்ப வராது. உட்கார்ந்திருக்கும்போது கடவுள் பக்கத்தில் இருக்கிற மாதிரி இருக்கும், அவரும் எதுவும் கேட்பதில்லை என்று அண்ணியிடம் ஒரு தடவை சொன்னாள். அண்ணி, அப்படியா, என்று கேட்டுக்கொண்டாள். ஏழு வருஷம் இப்படிப் போயிற்று. ஞானப்பூவின் வாழ்க்கையிலேயே நல்ல வருஷங்கள் என்றால் அவைதான்.

தொண்ணூற்றொன்பதில் கீழ்லயங்களில் செங்கமாரி வந்தது. கண் மஞ்சளாகி, சோறு இறங்காமல், வீட்டுக்கு இரண்டு பேர் சுருண்டு படுத்தார்கள். லயத்துப் பீலியில், மலையிலிருந்து குழாயில் வந்து விழும் தண்ணீரில், எங்கோ அசுத்தம் கலந்திருந்தது. தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள் என்று தோட்டத்து மருந்துக்காரர் லயம் லயமாகத் தொண்டை கட்டக் கத்தினார். ஒருத்தரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கொதித்த தண்ணீரில் ருசி இல்லையாம். இப்படித் தானாக வலிய வாங்கிக்கொள்கிற சனத்தை என்ன செய்வது? பிள்ளைகளும் படுக்கத் தொடங்கியபோது நாலு பெண்கள் மடுவத்துக்கு ஏறி வந்து ஞானப்பூவின் முன்னால் அழுதார்கள்.

"நீ தனியா இருந்து செபம் பண்றவ. ஒஞ் சாமிகிட்டக் கேட்டு ஒரு வழி சொல்லு."

ஞானப்பூ திகைத்துப் போனாள். "எனக்கென்னக்கா தெரியும்? தண்ணியக் கொதிக்க வச்சுக் குடிங்க" என்றாள். மருந்துக்காரர் சொன்னதை அவளும் கேட்டிருந்தாள், அதைத்தான் சொன்னாள்.

பெண்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். அன்று சாயங்காலமே எல்லா லயத்திலும் அடுப்பில் தண்ணீர் கொதித்தது. மூன்று வாரத்தில் புதிதாக யாரும் படுக்கவில்லை. மருந்துக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். சிசிலியில் நடந்தது இங்கேயும் நடந்துவிட்டது என்று ஊர் முடிவுகட்டிவிட்டது. அங்கேயாவது ஆள் செத்து எலும்பான பிறகு தேடி வந்தார்கள். இங்கே உயிரோடு இருக்கும்போதே வந்துவிட்டார்கள்.

முதலில் பாறைக்காட்டுக்காரர்கள். பிறகு பக்கத்துத் தோட்டங்கள். அதன் பிறகு பதுளையிலிருந்தும் பண்டாரவளையிலிருந்தும் வேன் பிடித்து வந்தார்கள். கெபிக்குக் கமிட்டி போட்டார்கள். செப்டம்பர் நாலாம் திகதி திருவிழா, கொடிமரம், இரண்டு ஒலிபெருக்கி. ஒலிபெருக்கிக்குக் கட்டுவதற்கு வேறு இடம் இல்லாமல் மடுவத்துக் கூரையிலேயே கட்டினார்கள். பதுளைக் கடைத்தெருவில் சாமான் விற்கிற ஸஹாப்தீன் நானா ஞாயிறு தவறாமல் வந்து தார்ப்பாய் இழுத்து, மெழுகுதிரியும் கைக்கயிறும் குளிர்பானமும் பரப்பினார். நல்ல மனிதர், யாரையும் ஏமாற்றியதில்லை. வந்த சனம் ஞானப்பூவிடம் என்ன கேட்கவில்லை என்பதுதான் கணக்கு: மகளுக்கு மாப்பிள்ளை, மத்திய கிழக்கு விசா, குடிக்கிற புருஷன், தொலைந்துபோன பசுமாடு. அவள், "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க" என்று சொல்லச் சொல்ல, அடக்கத்தைப் பார் என்று இன்னும் நாலு பேர் வந்தார்கள்.

ரெண்டாயிரத்திரண்டில் மூட்டு வலி என்று சொல்லித் தோட்டத்தில் பேரை வெட்டிக்கொண்டாள். வேலை நின்றால் கீழே இறங்கவே வேண்டாம், கதவைச் சாத்திக்கொண்டு இருந்துவிடலாம் என்பது அவள் நினைப்பு. சாத்தினாள். அதுதான் தப்பாகப் போயிற்று. பகலில் சாத்திய கதவைப் பார்த்ததும் சனம் திரண்டுவிட்டது. அம்மாவுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று தட்டினார்கள், கூப்பிட்டார்கள், ஒரு தடவை தாழ்ப்பாளையே பெயர்த்து எடுத்துவிட்டார்கள். உள்ளே அவள் முழந்தாளில் இருந்தாள். கும்பிட்டுக் கேட்கிறேன், என்னை விட்டுடுங்க என்று சொன்னாள். அவர்களும் கும்பிட்டார்கள்.

மறுநாள் பாக்கியலெட்சுமி ரொட்டி கொண்டுவந்தபோது ஞானப்பூ பையைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"எங்க போற?"

"தெரியல அண்ணி. எங்கயாவது ஆளில்லாத எடத்துக்கு."

"ஆளில்லாத எடம் இந்த ஒலகத்துல எங்க இருக்கு, பாத்துச் சொல்லேன், நானும் வாரேன்."

ஞானப்பூ பை முடிச்சை இறுக்கினாள். கண் கலங்கியிருந்தது. பத்து வருஷமாக ஒரு சுவரை நம்பி இருந்துவிட்டு இப்போது அது போகிறது என்றால் அழாமல் என்ன செய்வாள்? பாக்கியலெட்சுமி பெயர்ந்த தாழ்ப்பாளைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவளும் அந்த வருஷத்துக்கு முந்தின வருஷம்தான் சந்தியாகுவைப் புதைத்திருந்தாள். அப்பன் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார். மூத்த மகள் கல்யாணம் முடிந்து மொனராகலையில், இரண்டு பையன்களும் கொழும்புக் கடைகளில், கடைசிப் பெண் குவைத்தில். எட்டுப் பேர் படுத்த காம்பராவில் இப்போது அவள் ஒருத்திதான்.

"ஏன்டி, உள்ள தாப்பாப் போட்டாத்தானே தட்டுறானுங்க. வெளிய பூட்டுத் தொங்குனா?" என்றாள்.

"வெளிய பூட்டுனா நான் எப்படி உள்ள இருக்கிறது?"

"நான் பூட்டுறேன்."

அப்படித்தான் அது நடந்தது. பாக்கியலெட்சுமி பதுளைக்குப் போய்ப் பெரிய இரும்புப் பூட்டு ஒன்று வாங்கி வந்தாள். ஞானப்பூ மொனராகலையில் அண்ணன் மகள் வீட்டுக்குப் போய்விட்டாள், இனி வரமாட்டாள் என்று லயம் முழுக்கச் சொன்னாள். பொய் சொல்கிறோமே என்று ஞானப்பூ தயங்கியபோது, பொய் சொல்றது நான், பாவம் எனக்கு, நீ உள்ள இருந்து எனக்கும் சேத்து மன்னிப்புக் கேட்டுக்க, என்று வாயை அடைத்துவிட்டாள். விடியும் முன்னே ஏறி வருவாள். ஞானப்பூ ஊற்றில் குளித்து, வேலை எல்லாம் முடித்துக்கொள்வாள். இரண்டு பேரும் பேசாமல் பிளேன்டீ குடிப்பார்கள். பிறகு ரொட்டியும் ஒரு பானைத் தண்ணீரும் உள்ளே வைத்து, அவசரத்துக்கு மூலையில் ஒரு வாளியும் வைத்து, வெளியே பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு பாக்கியலெட்சுமி பெரட்டுக்கு ஓடுவாள். ஐந்து மணிக்கு வந்து திறப்பாள். பூட்டிய கதவை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வெளியே சனம் பாடும், ஒலிபெருக்கி கத்தும், ஸஹாப்தீன் நானா மெழுகுதிரி விற்பார். உள்ளே ஞானப்பூ தன்பாட்டில் இருந்தாள். சத்தம் அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. யாரும் அவளை எதுவும் கேட்கவில்லையே, அது போதும்.

நாலு வருஷத்தில் அண்ணி ஒரு நாள் தவறவில்லை. காய்ச்சலோடு வந்திருக்கிறாள். பெரிய மகன் கல்யாணத்துக்குக் கொழும்பு போக வேண்டி வந்தபோது, காலையில் பூட்டிவிட்டு மாலையில் வந்து திறக்க முடியாது என்பதற்காகக் கல்யாணத்துக்கே போகவில்லை. இடுப்பு வலி என்று சொல்லிவிட்டாள். அது ஞானப்பூவுக்குப் பிறகுதான் தெரிந்தது.

ரெண்டாயிரத்தாறு ஐப்பசியில் விடாத மழை. ஒரு சனிக்கிழமை ஐந்து மணிக்குப் பூட்டுத் திறக்கவில்லை. மழையாக்கும் என்று ஞானப்பூ நினைத்தாள். இருட்டின பிறகும் திறக்கவில்லை. ஞாயிறு விடிந்தது, விடியும் முன்னே வர வேண்டியவள் வரவில்லை. பானையில் தண்ணீர் இருந்தது, ரொட்டி பாதி இருந்தது.

பசி அவளுக்கு ஒரு பொருட்டில்லை. தவசு காலத்தில் மூன்று நாள் ஒன்றுமில்லாமல் இருந்தவள்தான். ஒன்பது மணிக்கு வெளியே வேன் சத்தம் கேட்டது. தார்ப்பாய் இழுக்கும் சத்தம் கேட்டது. செபமாலை தொடங்கினார்கள். ஒரே ஒரு சத்தம் கொடுத்தால் போதும், கதவைத் திறந்துவிடுவார்கள். ஆனால் அதோடு எல்லாம் முடிந்தது. நாலு வருஷம் உள்ளேயே இருந்தாள் என்று தெரிந்தால் இந்தச் சனம் அவளைச் சும்மா விடுமா? பதுளை என்ன, நாடே வரும். அவளுக்கு இனி ஒரு மூலை எந்த ஊரிலும் மிஞ்சாது. வாயை மூடிக்கொண்டு இரண்டு நாள் இருந்தால் எப்படியும் அண்ணி வந்துவிடுவாள்.

அண்ணி வருவாள் என்றுதான் முதலில் நினைத்தாள். அப்புறம்தான் உறைத்தது. மகன் கல்யாணத்துக்கே போகாதவள் எதனால் வராமல் இருப்பாள்? காய்ச்சல் என்றால் வந்திருப்பாள். கால் நடக்கும் நிலையில் இருந்தால் வந்திருப்பாள். வாய் பேசும் நிலையில் இருந்தால் யாரிடமாவது சொல்லி அனுப்பியிருப்பாள்.  செபமாலையை எடுத்தாள், சொல் வரவில்லை. பதினான்கு வருஷமாக உட்கார்ந்திருந்த அந்தச் சுவரோரத்தில் அன்றைக்கு அவளால் உட்கார முடியவில்லை. எழுந்து போய்க் கதவில் இரண்டு கையாலும் அறைந்தாள்.

"யாராச்சும் இருக்கீங்களா? எங்க அண்ணிக்கு என்னாச்சு?"

வெளியே செபம் பட்டென்று நின்றது. பூட்டின மடுவத்துக்குள்ளிருந்து குரல் வந்தால் சனம் வேறு என்ன நினைக்கும்? ஒரு பெண் கும்பிட்டபடி சேற்றில் முழந்தாளிட்டாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் முழந்தாளிட்டார்கள். றொசாலியம்மா பேசுறா, என்று யாரோ அழுதார்கள். இன்னும் சத்தமாகப் பாட்டைத் தொடங்கினார்கள்.

"பாடாதீங்க. கதவ ஒடைங்க" என்று உள்ளே இருந்து கத்தினாள். ஒருத்தரும் அசையவில்லை. பாட்டு இன்னும் உயர்ந்தது.

ஸஹாப்தீன் நானா தார்ப்பாய்க்குக் கீழே நின்று கொஞ்ச நேரம் காதைக் கொடுத்துக் கேட்டார். அவருக்கு இந்த றொசாலியம்மா விஷயத்தில் ஆரம்பத்திலிருந்தே பெரிதாக ஈடுபாடு இல்லை, வியாபாரம் வேறு. கூடாரத்து முளைக்குக் குழி போடுகிற அலவாங்கை, அந்தக் கனத்த இரும்புக் கம்பியை, கையில் எடுத்துக்கொண்டு முழந்தாளிட்டவர்களைத் தாண்டி வந்தார்.

"தள்ளுங்க, தள்ளுங்க. உள்ளுக்கு மலக்கு இல்ல, சம்மனசும் இல்ல, மனுசி ஈக்கிறா."

மூன்று அடியில் பூட்டுத் தெறித்தது. வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஞானப்பூ வாசலில் நின்றாள். தலை முழுக்க நரைத்திருந்தது. அண்ணி எங்கே என்று ஒவ்வொருவராகக் கேட்டாள். கடைசியில் கீழ்லயத்துக்காரி ஒருத்தி, பாக்கியத்தக்கா சனிக்கிழமை கொழுந்துச் சாக்கோடு படியில் வழுக்கி விழுந்தாள், தலையில் அடி, காலும் முறிந்துவிட்டது, லொறியில் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், நினைவில்லாமல்தான் போனாள் என்றாள். ஞானப்பூ செருப்புக்கூடப் போடாமல் பாதையில் இறங்கினாள். பின்னால் சனம் வந்தது, சேலை முந்தானையைத் தொட்டது. அவள் யாரையும் பார்க்கவில்லை. ஸஹாப்தீன் நானா கடையை அப்படியே போட்டுவிட்டுத் தன் சாமான் வேனை எடுத்து வந்து அவளை ஏற்றிக்கொண்டார்.

வார்டில் நாற்பது கட்டில். பார்க்க வந்தவர்கள் கூட்டம், பிள்ளைகளின் அழுகை, தட்டுமுட்டுச் சத்தம். பாக்கியலெட்சுமி சன்னலோரத்தில் கிடந்தாள். தலையில் கட்டு, ஒரு காலில் மாவுக்கட்டு. அன்று காலையில்தான் நினைவு தெளிந்திருந்தது. அப்போதிலிருந்து சாவி, சாவி என்று தாதிமாரிடம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள், அலமாரிச் சாவியாக்கும் என்று அவர்கள் விட்டுவிட்டார்கள். கட்டில் தலைமாட்டில் வந்து நின்றவளைப் பார்த்ததும் கண் அகன்றது.

"நீ எப்படி வந்த? பூட்ட யாரு தொறந்தா?"

"ஒடச்சுட்டாங்க."

"யாரு சொன்னா நீ உள்ள இருக்கேன்னு?"

"நாந்தான் கத்துனேன்."

பாக்கியலெட்சுமிக்குக் கோபம் வந்துவிட்டது. "அறிவிருக்காடி ஒனக்கு? நாலு வருசம், நாலு வருசம் ஒருத்தருக்கும் தெரியாம வச்சிருந்தேன். இன்னும் ரெண்டு நாள் பொறுத்தா நான் யாரையாச்சும் புடிச்சுச் சொல்லிவிட்டிருப்பேன்ல. இப்ப ஊருக்கே தெரிஞ்சு போச்சு. இனி எங்க போயி ஒக்காருவ நீ?"

"நீங்க வரலியே, அண்ணி" என்றாள் ஞானப்பூ.

 பாக்கியலெட்சுமி முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு ஒரு பாட்டம் அழுதாள். ஞானப்பூ கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்து, மாவுக்கட்டுக்கு வெளியே தெரிந்த கால் விரல்களைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு நாள் அந்த வார்டிலேயே இருந்தாள்.

கமிட்டிக்காரர்கள் ஆஸ்பத்திரிக்கே வந்து, மடுவத்துக்கு வர்ணம் பூசுகிறோம், தரைக்குக் கல் போட்டுத் தருகிறோம், வாங்க அம்மா என்று கூப்பிட்டார்கள். அண்ணிக்குச் சமைக்க ஆளில்லை என்று சொல்லி அவள் லயத்துக்குப் போய்விட்டாள். எட்டுப் பேர் படுத்த காம்பராவில் இப்போது இரண்டு பேர். ஆனால் சுவர் இன்னும் கூரைவரை போகவில்லை, பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சி வேறு புதிதாக வந்திருந்தது. வேனில் வந்து இறங்குகிற சனம், பீலியில் பானை கழுவிக்கொண்டிருக்கும் நரைத்த பெண்ணிடம் கெபிக்கு எப்படிப் போவது என்று கேட்கும். அவள் கரிக் கையை நீட்டி வழி காட்டுவாள். தாங்கள் தேடி வந்த ஆள் பானை கழுவிக்கொண்டிருப்பாள் என்று யாருக்கும் தோன்றவில்லை. ஒரு வருஷத்தில் வேனும் குறைந்தது.

பாக்கியலெட்சுமிக்குக் கால் சரியாகக் கூடவில்லை. வேலைக்குப் போக முடியாது. மத்தியானம் லயத்துச் சனம் மலையில் இருக்கிற நேரம், இரண்டு மணிக்கு, ஞானப்பூவைப் பார்த்துத் தலையை ஆட்டுவாள். ஞானப்பூ உள்ளே போய்ச் சுவரோரமாக உட்காருவாள். பாக்கியலெட்சுமி பலகையொன்றை இழுத்து வாசலில் போட்டு, பின்னால் கதவைச் சாத்திவிட்டு, முடமான காலைக் குறுக்கே நீட்டிக்கொண்டு இஸ்தோப்பில் உட்காருவாள். மழையென்றாலும் குளிரென்றாலும் நாலு மணிவரை எழுந்திருக்கமாட்டாள்.

போகிற வருகிறவர்கள் கேட்பார்கள். "என்ன பாக்கியத்தக்கா, பகல்ல கதவு சாத்தியிருக்கு? உள்ள யாருக்கும் ஏதுமா?"

"உள்ள ஆளே இல்ல" என்பாள் பாக்கியலெட்சுமி. "நாந்தான் சும்மா ஒக்காந்திருக்கேன்."